ஏற்புநிலச் செம்மல்

மனிதர், மாடு, கோழி, புழு ஆகிய அனைவரின் மேலான கவனத்துக்கு. இன்று முற்பகல் நல்ல நேரத்தில், செங்குறிச்சி வட்டத்தில், பூச்சிமருந்து என்னும் அரக்கன் அதிகாரபூர்வமாகக் காலமானான். அடக்கம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே போட்ட பந்தலில் அமைச்சர் தலைமையில் நடந்தது. வட்டத்தின் பதினெட்டு ஊர்களிலும் இனி எந்தப் பயிர் மீதும் ஒரு சொட்டு விஷம் விழாது என்று அமைச்சர் சொன்னார். ஒலிபெருக்கியில் எதிரொலி இருந்ததால் அரக்கன் இரண்டு முறை செத்தான்.

இந்தச் சாதனைக்குக் காரணமானவர் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பெயர் பிச்சப்பிள்ளை. ஊர் நொச்சிக்குடிக்காடு. பட்டம், ஏற்புநிலச் செம்மல். விழுந்த சால்வைகளுக்குள் அவர் முகம் பாதி மறைந்திருந்தது. அமைச்சர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியபோது புகைப்படக்காரர்கள் முண்டினார்கள். பிச்சப்பிள்ளைக்கு, தன் கையை ஒருவர் பிடித்திருக்கிறார் என்பது குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நாளாகவே விரல்கள் அப்படித்தான். சொரணை போய், யாருடைய விரலோ போல இருந்தன.

கதை எங்கிருந்து ஆரம்பித்தது என்றால், ஒரு நல்ல யோசனையிலிருந்து. இந்த நாட்டில் பெரும்பாலான கதைகள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று ஒன்று இருந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் புழு இன்னொரு இலையைத் தின்றுவிடும் என்றாலும், முறை நல்ல முறை. எடுத்த எடுப்பில் மருந்து அடிக்காதே. வரப்பில் செண்டுமல்லியும் ஓரத்தில் ஆமணக்கும் வை, பூச்சி பருத்தியை விட்டு அங்கே போகட்டும். அதற்குப் பொறிப்பயிர் என்று பெயர். அந்துப்பூச்சியை இழுக்கும் மணம் வைத்த பொறியைக் கட்டு. புழுவின் முட்டையைக் கெடுக்கும் குளவி அட்டையை இலையில் குத்து. காலையில் வயலுக்குள் நடந்து செடிக்கு எத்தனை புழு என்று எண்ணு. கொஞ்சம் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். சேத எல்லை என்று ஒன்று உண்டு, அதைத் தாண்டினால் மட்டும் மருந்தைத் தொடு. இந்த முறையில் ஒரே ஒரு குறைதான். விவசாயி தினமும் வயலுக்குப் போகவேண்டும்.

பதினெட்டு ஊர்களிலிருந்தும் பயிற்சிக்கு வந்தவர்கள் தொப்பியும் பையும் வாங்கிக்கொண்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பிச்சப்பிள்ளை மட்டும் வயலுக்குப் போனார். அவர் வாழ்க்கையில் செய்த தவறு அதுதான்.

சில வருடங்கள் கழித்து, பூச்சி நல்லிணக்க இயக்ககம் என்ற புதிய அலுவலகம் பிறந்தது. அங்கே படித்தவர்கள் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்கள். ஆளாளுக்கு வரப்பில் பொறிப்பயிர் வைப்பது சிரமமாக இருக்கிறதே, வட்டத்துக்கே சேர்த்து ஒரு பொறிப்பயிர் வைத்துவிட்டால் என்ன? அதற்காக அழைப்புக் கோபுரம் ஒன்றைச் செய்தார்கள். பனைமர உயரம். அதன் உச்சியிலிருந்து கசியும் மணம் பதினெட்டு ஊர்ப் பூச்சிகளையும் ஒரே வயலுக்குக் கூப்பிடும். அந்த வயலைப் பூச்சிக்குக் கொடுத்துவிட்டால் மற்ற எல்லா வயலும் பிழைத்தது. விஞ்ஞானம் இத்துடன் முடிந்துவிட்டது. இனி, யாருடைய வயல் என்பதுதான். பூச்சி விஷயத்தில் ஏற்கெனவே ஆர்வம் காட்டியவர் யார் என்று தேடினார்கள். தேடவே வேண்டியிருக்கவில்லை.

கேட்க வந்தவர் முனைவர் கார்குழலி. இயக்ககத்தின் வட்டார அதிகாரி. பிச்சப்பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். நம் முறைதானே, பெரிதாகச் செய்யப்போகிறார்கள், அவ்வளவுதானே என்று பிச்சப்பிள்ளை சம்மதித்தார். அவர் மனைவி மருதாம்பாள் காபி கொடுத்துவிட்டு, பெரிதாகச் செய்யவேண்டியதை நம் வயலில்தான் செய்யவேண்டுமா என்று கேட்டாள். கார்குழலி காபி நன்றாக இருக்கிறது என்றார்.

வயலுக்கு ஏற்புநிலம் என்று பெயர் வைத்தார்கள். ஊர் அதைப் புழுக்காடு என்றது.

முதல் போகத்தில் சாயங்கால வானம் புகைபோல மங்கியது. வந்தது புகையில்லை, அந்துப்பூச்சி. பிச்சப்பிள்ளையின் பருத்தி பூ விடுவதற்கு முன்பே சப்பை என்னும் இளமொட்டு உதிர்ந்து, இலை உதிர்ந்து, கடைசியில் துடைப்பக்குச்சியாக நின்றது. பக்கத்து வயல்களில் பஞ்சு வெடித்து வெள்ளைவெளேர் என்று கிடந்தது. இழப்பீடு ஒழுங்காக வந்தது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஊரும் நன்றி மறக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவில் பரிவட்டம் கட்டி அவருக்குத்தான் முதல் மரியாதை. அதே வருடம் அவர் கிணற்றுத் தண்ணீரை மாட்டுக்குக் காட்டுவதையும் ஊர் நிறுத்திக்கொண்டது. இரண்டையும் யாரும் எழுந்து நின்று சொல்லவில்லை. தானாக நடந்தது.

தண்ணீருக்குக் காரணம் இருந்தது. பதினெட்டு ஊர்ப் புழுவை ஒரு வயலின் குளவியும் பொறிவண்டும் தின்று தீர்க்க முடியவில்லை. புழு கூடுகட்டி, அந்துப்பூச்சியாகி, திரும்ப ஊர்களுக்கே பறந்துவிடுமோ என்று இயக்ககம் கவலைப்பட்டது. அதனால் வாராவாரம் ஒரு டேங்கர் லாரி வந்தது. இயக்ககத்தின் மொழியில் அந்த வேலைக்குத் தணிப்பு என்று பெயர். முன்பு பதினெட்டு ஊரிலும் பரவலாக அடித்த மருந்தை லாரி ஒரே இடத்தில் அடித்துவிட்டுப் போகும். குழாயைப் பிடிக்க ஆள் போதாதபோது பிச்சப்பிள்ளை பிடித்தார். தன் வயல்தானே.

போன போகத்தில் ஒருநாள் அவர் காலில் கருவேலமுள் ஏறி உள்ளேயே ஒடிந்திருந்தது. மருதாம்பாள் பார்த்துச் சொல்லும்வரை அவருக்குத் தெரியாது. முள்ளைப் பிடுங்கும்போது வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவருக்கு ஓர் ஆசை வந்தது. பெரிய ஆசை இல்லை. சாவதற்கு முன் சொந்த வயலில் ஒரு போகம் பஞ்சு எடுத்துப் பார்த்துவிடவேண்டும்.

பந்தலில் அரக்கன் செத்த அன்று, விழா முடிந்து கார்குழலி தன் காரிலேயே இருவரையும் ஊருக்கு அழைத்துப் போனார். பின்னிருக்கையில் மருதாம்பாள், மடியில் சால்வை மூட்டை. பிச்சப்பிள்ளை அங்கேதான் விஷயத்தை எடுத்தார்.

"மேடம், வர்ற போகம் மட்டும் வயல நான் எடுத்துக்குறேன்."

"எடுத்து என்னங்கய்யா பண்ணப் போறீங்க?"

"பஞ்சு எடுக்கப் போறேன்."

கார்குழலி நல்லவர். நல்லவர்களுக்கே உரிய பொறுமையோடு விளக்கினார். கொஞ்சம் புழு இருந்தால் பொறுத்துக்கொள்கிறோம் அல்லவா, எல்லையைத் தாண்டினால்தானே நடவடிக்கை. இயக்ககம் அதே அளவுகோலை மனிதர்களுக்கும் வைத்திருக்கிறது. பதினெட்டு ஊரின் லாபத்தை ஒரு பக்கமும் ஒரு குடும்பத்தின் வருத்தத்தை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தார்கள்.

"உங்க வருத்தம் இருக்குங்கய்யா. இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா சேத எல்லையத் தாண்டல."

மருதாம்பாள் பின்னாலிருந்து கேட்டாள். "எங்க ரெண்டு பேருல ஒருத்தர் செத்தா தாண்டுமா?"

கார்குழலி யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "ஒருத்தர்னா தாண்டாதும்மா."

ரோட்டின் இரண்டு பக்கமும் மற்றவர்களின் பருத்தி போய்க்கொண்டிருந்தது. பிறகு பிச்சப்பிள்ளை, கோபமே இல்லாமல், வழி கேட்பவர்போலக் கேட்டார்.

"அமைச்சர் ஒரு சொட்டு விழாதுன்னாரே மேடம். நம்ம வயல்ல வாரம் ஒரு லாரி விழுதே."

"அமைச்சர் பயிர் மேலன்னு சொன்னாருங்க. அறுவடைக்குப் போறதுதான் பயிர். உங்களுது அறுவடை ஆகாது. அது பொறி."

"செடி பருத்திதானே?"

"செடி பருத்திதான். ஆனா பயிர் இல்ல."

பிச்சப்பிள்ளை தலையாட்டினார். புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். இறங்கும்போது கார்குழலி ஒரு வழி சொன்னார். ஊர்க்கூட்டத்தில் வேறு யாராவது தன் நிலத்தைத் தர முன்வந்தால் கோபுரத்தை அங்கே மாற்றிவிடலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஊர்க்கூட்டம் கோயில் வாசலில் கூடியது. ஊராட்சித் தலைவர் அருணகிரி பிச்சப்பிள்ளைக்குப் பங்காளி முறை, அண்ணன் மகன். சித்தப்பா பட்டது போதும், இனி வருடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்வோம் என்று அவரே ஆரம்பித்தார். நியாயம் என்றார்கள். ரொம்ப நியாயம் என்றார்கள். ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியானால் முதல் வருடம் யார் என்று மருதாம்பாள் கேட்டாள்.

அதற்குப் பிறகு கூட்டம் ரொம்ப நேரம் நடந்தது. ஒருவரின் மண் செம்மண், பூச்சிக்குப் பிடிக்காது. இன்னொருவர் வீட்டில் கல்யாணம். கல்யாண வீட்டில் புழு நல்லதில்லை. வேறொருவர் வயல் மேட்டில் இருக்கிறது, பூச்சி ஏறி வரவேண்டும், பாவம். இப்படி ஒவ்வொருவரும் தன் நிலத்தைப் பற்றிச் சொன்ன குறைகளைக் கேட்டால், நொச்சிக்குடிக்காட்டில் வயல் என்று சொல்லத்தக்கது பிச்சப்பிள்ளையுடையது ஒன்றுதான் என்று தோன்றும். கடைசியில், ஊர் எல்லையில் செம்மல் பேரில் நுழைவு வளைவு ஒன்று கட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

"ஒங்களுக்குப் பொறவு யாருக்கு சித்தப்பா இந்த மரியாத கெடைக்கும்?" என்றார் அருணகிரி.

"யாருக்கும் வேணாம்னுதானே தம்பி இவ்வளவு நேரம் பேசுனீங்க" என்றாள் மருதாம்பாள்.

சிரித்தார்கள். பிச்சப்பிள்ளையும் சிரித்தார். அடுத்தவர் சிரிக்கும்போது சிரிப்பது பழக்கமாகியிருந்தது.

புரட்டாசியில் மழை பிடித்தது. இயக்ககம் விதை அனுப்பியது. பூச்சி தின்னத்தானே, அதற்கெதற்கு நல்ல விதை என்று நினைக்காமல் நல்ல விதையே அனுப்பினார்கள். பிச்சப்பிள்ளை விதைத்தார். கோபுரம் கூப்பிட ஆரம்பித்தது.

எதுவும் வரவில்லை.

சாயங்கால வானம் வெறும் சாயங்கால வானமாக இருந்தது. கோபுரம் கெட்டுப்போயிருக்கும் என்று அவர் தகவல் சொன்னார். ஆட்கள் வந்து ஏறிப் பார்த்து, நன்றாக வேலை செய்கிறது, எங்களுக்கே மூக்கு எரிகிறது என்று இறங்கிப் போனார்கள். செடி சப்பை கட்டியது. மஞ்சளாகப் பூத்தது. காய் பிடித்தது. தணிக்க ஒன்றும் இல்லாததால் லாரி வரவில்லை. பிச்சப்பிள்ளை காலையில் வயலுக்குள் நடந்து புழுவை எண்ணினார். எண்ண ஒன்றும் இல்லாததால், அதே வரிசையில் திரும்ப நடந்தார்.

மற்ற ஊர்களில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பூச்சிமருந்து இல்லாத வட்டம் என்று அமைச்சர் அறிவித்துவிட்ட பிறகு வயலில் பூச்சி வைத்திருப்பது மரியாதை இல்லை அல்லவா. ஆனால் அருணகிரி ஒருநாள் வரப்பில் வந்து நின்று, ஊர்க்கதை பேசி, போகும்போது பிச்சப்பிள்ளையின் செடியிலிருந்து ஒரு காயைப் பறித்துப் பிளந்து பார்த்தார். உள்ளே ஈரப்பஞ்சு மட்டும் இருந்தது. அவர் முகத்தில் வந்த பொறாமையைப் பார்த்து மருதாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. பொறாமைப்படும் அளவுக்கு இந்த வயலில் ஏதோ இருந்து எத்தனையோ காலமாயிற்று.

அடுத்து கார்குழலி வந்தார். அவரும் காயைப் பிளந்தார். வரப்பில் உட்கார்ந்தார். அதிகாரிகள் வரப்பில் உட்கார்ந்தால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம். எல்லா ஊரிலும் காய்ப்புழு, காய்க்குள் பஞ்சு இல்லை என்றார். பூச்சி எல்லாம் ஏன் இங்கே வராமல் அங்கேயே நிற்கிறது என்று பிச்சப்பிள்ளை கேட்டார்.

"கூப்பிட்டா வர்ற பூச்சியெல்லாம் வருஷா வருஷம் வந்து செத்துப்போச்சுங்கய்யா. கூப்பிட்டாலும் காதுல வாங்காத பூச்சி ஒன்னு ரெண்டு எங்கயோ இருந்திருக்கு. அதுங்க குட்டி, அதுங்களோட குட்டின்னு இப்ப இருக்கறது பூராவும் அந்த வம்சம். கோபுரம் கூப்பிடுறது அதுங்களுக்குத் தெரியவே தெரியாது."

மருதாம்பாள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"சொன்னதக் கேட்டதெல்லாம் செத்துச்சு. கேக்காதது பொழச்சிருச்சு. அதானே?" என்றாள். கேள்வி கார்குழலிக்கு. பார்வை மட்டும் புருஷன் மேல் இருந்தது.

பிச்சப்பிள்ளை அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "அப்ப நான் பஞ்சு எடுத்துக்கலாமா மேடம்?" என்றார்.

மேலே கேட்டுச் சொல்வதாகக் கார்குழலி எழுந்தார். அவருக்கே அவமானமாக இருந்திருக்கவேண்டும். புடவையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் போனார்.

மேலே இருந்தவர்கள் ஒரு மதியச் சாப்பாட்டுக்குள் பிரச்சினையைத் தீர்த்துவிட்டார்கள். திறமைசாலிகள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பூச்சி ஏற்புநிலத்துக்கு வர மறுக்கிறது. சரி. அப்படியானால் பூச்சி எங்கே இருக்கிறதோ அதுதானே ஏற்புநிலம்? பதினெட்டு ஊர்ப் பருத்தி முழுவதும் அன்று சாயங்காலத்துக்குள் ஏற்புநிலம் ஆயிற்று. பூச்சி இல்லாத ஒரே காரணத்தால் பிச்சப்பிள்ளையின் வயல் பயிர் ஆயிற்று. ஏற்புநிலத்தில் தணிப்புச் செய்யலாம், தடை கிடையாது. அமைச்சரின் வாக்கும் பொய்க்கவில்லை. வட்டத்தில் எஞ்சியிருக்கும் ஒரே பயிரின் மீது ஒரு சொட்டும் விழாது.

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஊர் ஊராகப் போய் இதைச் சொன்னது. இழப்பீடு உண்டு என்றும் சொன்னது. நிலம் வைத்திருந்த எல்லோரும் ஒரே நாளில் செம்மல் ஆனார்கள். செங்குறிச்சிக் கடைவீதியில் சால்வைக்குத் தட்டுப்பாடு வந்தது. பாதி கட்டியிருந்த நுழைவு வளைவில் யார் பேரை எழுதுவது என்று தெரியாமல் கொத்தனார் சுண்ணாம்பு மட்டும் அடித்துவிட்டுப் போனார்.

பிச்சப்பிள்ளையைக் கார்குழலியே போனில் கூப்பிட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, அனுமதி வந்துவிட்டது என்றார். பிச்சப்பிள்ளை சரிங்க மேடம் என்றார். சந்தோஷமாக இருக்கிறதா என்று மருதாம்பாள் கேட்டாள். இருக்கும் என்றார்.

தை பிறந்து பஞ்சு எடுக்கும் நாள் வந்தது. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் தணிப்பு வேலைக்குப் போய்விட்டார்கள். புருஷனும் பெண்சாதியும் மட்டும் மடியைக் கட்டிக்கொண்டு விடிந்ததும் இறங்கினார்கள். காய்கள் நான்காகப் பிளந்து, பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. வயல் முழுவதும் வெள்ளை. இதைத்தான் அவர் கேட்டார். இதுதான் கிடைத்தது.

அவர் ஒரு காயில் விரலை வைத்து இழுத்தார். பஞ்சு வந்ததா இல்லையா என்று பார்த்துத் தெரிந்துகொண்டார். அடுத்த காய். மறுபடியும் பார்த்தார். பஞ்சு எடுக்கிறவர்கள் கையைப் பார்க்கமாட்டார்கள், ஊர்ப்பேச்சுப் பேசிக்கொண்டே கை பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும். பிச்சப்பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல ஒவ்வொரு காயாகப் பார்த்து எடுத்தார். மருதாம்பாள் அடுத்த வரிசையில் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

"நல்லா வெடிச்சிருக்கு" என்றார்.

"ம்."

"நயம் பஞ்சு."

"ஆமா. நயந்தான்" என்றாள் அவள். அவர் விட்டுவிட்ட காய்களில் இருந்ததை, அவர் பார்க்காதபோது எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

வெயில் ஏறியபோது நாலா பக்கமும் இரைச்சல் கிளம்பியது. கிழக்கே டேங்கர் லாரி. மேற்கே ட்ரோன். மற்ற இடமெல்லாம் முதுகில் கட்டிய ஸ்பிரேயர்கள். அருணகிரி முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பு ஓரமாக வந்தார். துண்டைக் கழற்றிக் கும்பிட்டார். பயிர் வைத்திருப்பவருக்கு உரிய கும்பிடு.

"சித்தப்பா, ஒங்க பக்கம் ஒரு சொட்டு வராது. காத்து பாத்துத்தான் அடிக்கிறோம். நீங்க நிம்மதியா எடுங்க."

"சரி தம்பி" என்றார் பிச்சப்பிள்ளை.

அருணகிரி துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனார். வயலில் பாதி எடுத்து முடிந்திருந்தது. பஞ்சு வரப்பில் குவிந்து கிடந்தது. இருவரும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைத் திறந்து வைத்தார்கள்.

மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது.